பணம் வந்து சேரும் நாள்: மந்த காலத்தில் சிறுதொழிலைக் காக்கும் வழி

பொருளாதார மந்தம் என்றதும் விற்பனை குறைவதும் இலாபம் சுருங்குவதுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒரு சிறு கடையோ பட்டறையோ மந்த காலத்தில் தடுமாறுவதற்கு இலாபக் குறைவு மட்டுமே காரணமாவதில்லை. வர வேண்டிய பணம் உரிய நாளில் வராமையும், அதனால் கொடுக்க வேண்டியதை உரிய நாளில் கொடுக்க இயலாமையும் இலாபக் குறைவைவிட விரைவாக ஒரு தொழிலை முடக்கிவிடும். ஏட்டில் இலாபம் காட்டும் நிறுவனங்கூடக் கையில் பணமின்றி நின்றுபோவதுண்டு. சிறிது நட்டம் காட்டும் நிறுவனம், பணப்புழக்கம் சீராக இருந்தால், மந்தத்தைக் கடந்து வருவதும் உண்டு.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டித் தொழில் செய்யும் வாடிக்கையாளர்களை மனத்திற்கொண்டு இக்கட்டுரை எழுதப்படுகிறது. மந்த காலத்தில் இலாபக் கணக்கோடு நாள் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பதும், அந்த நாள் கணக்கு கைமீறுவதற்கு முன்பே வங்கிக்கு வர வேண்டும் என்பதுமே இதன் சாரம்.

பிறர் வருவாயை நம்பும் கடைவீதி

உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் தாலுகாக்களின் கடைவீதிகள் பெரும்பாலும் ஏலக்காய், மிளகு, தேயிலை ஆகியவற்றின் வருவாயைச் சார்ந்து நிற்பவை. நெடுங்கண்டத்தில் துணிக்கடை வைத்திருப்பவர் ஏலக்காய் வாங்குவதுமில்லை, விற்பதுமில்லை. ஆயினும் ஏலக்காய் விலை சரியும் ஆண்டில் அவருடைய விற்பனையும் சரிகிறது. தோட்ட உரிமையாளர் தோட்ட வேலைகளைக் குறைக்கிறார். தேனி மாவட்டத்திலிருந்து கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் வந்து செல்லும் தொழிலாளர்க்கு வேலைநாள் குறைகிறது. ஜீப் ஓட்டுநர், தேநீர்க் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர் என்று அந்தக் குறைவு எல்லையின் இருபுறமும் கை மாறிக்கொண்டே போகிறது.

அண்மைக்கால ஏலக்காய் விலையே இதற்குச் சான்று. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் அதையடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைக் குறைத்தன. 2019 ஆகஸ்டு மாதம் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலை போயிற்று. அது ஒரு தொகுதிக்குக் கிடைத்த உச்ச விலையே. அன்றைய சராசரி விலை அதைவிடக் குறைவு. ஆயினும் அந்த எண்ணே பலர் மனத்தில் பதிந்தது. பின்னர் விளைச்சல் பெருகியது, விலை இறங்கியது. 2022-இல் ஏல மையங்களின் சராசரி விலை 1,000 ரூபாயை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருந்தது. உலகச் சந்தையில் நம் ஏலக்காய்க்குப் போட்டியாக நிற்பது குவாத்தமாலா நாட்டின் விளைச்சல். வளைகுடா நாடுகளின் தேவையும் விலையைத் தீர்மானிக்கிறது. இவற்றில் எதுவும் நெடுங்கண்டத்துக் கடைக்காரர் கையில் இல்லை. உச்ச விலை ஆண்டின் வருவாயை நம்பிக் கடன் தவணையை அமைத்துக்கொள்வதா, சராசரி ஆண்டின் வருவாயை நம்பி அமைத்துக்கொள்வதா என்பது மட்டும் அவர் கையில் உள்ளது.

பாலக்காட்டுப் பகுதியில் நிலைமை வேறு உருவில் அமைகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் நெல்லும் தென்னையும் கடைவீதியைத் தாங்குகின்றன. கொள்முதல் செய்யப்பட்ட நெல்லுக்கான பணம் விவசாயியின் கைக்கு வரும் நாள் தள்ளிப்போகும் ஆண்டுகளில், உரக்கடை முதல் நகைக்கடை வரை எல்லாப் பற்றுவரவும் தள்ளிப்போகிறது. முதலமடையில் மாம்பழப் பருவம் பொய்த்தால் பெட்டி செய்பவருக்கும் லாரி வைத்திருப்பவருக்கும் அந்த ஆண்டு மந்த ஆண்டுதான். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்கோ கோயம்புத்தூர் ஆலைகளின் வேலை ஆணைகளே உயிர்நாடி. வாளையாறுக்கு அப்பால் ஆலை வேகம் குறைந்தால் இப்பால் கடைசல் எந்திரம் நிற்கும்.

ஆகவே மந்தத்தை எதிர்கொள்ளும் முதற்படி, உங்கள் விற்பனை யாருடைய வருவாயிலிருந்து வருகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது. குமுளியில் உள்ள ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். அதன் வாடிக்கையாளர் மூவகையினர்: தேக்கடிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், கார்த்திகை முதல் தை வரை சபரிமலை செல்லும் பக்தர்கள், ஆண்டு முழுவதும் வரும் உள்ளூர்த் தோட்ட மக்கள். இந்த மூன்றில் எது எத்தனை சதவீதம் என்று அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிரிவு பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் பிரிவின் மந்தம் கடையின் மந்தமாகிவிடும். நல்ல ஆண்டுகளில் இரண்டாவது பிரிவை வளர்த்துக்கொள்வதே பாதுகாப்பு.

நட்டம் சிறிது, பற்றாக்குறை பெரிது

நாள் கணக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். இது கணக்குக்காகக் கற்பனையாக அமைத்துக்கொண்ட ஒரு மொத்த மளிகைக் கடை.

சாதாரண காலத்தில் அதன் மாத விற்பனை 6,00,000 ரூபாய். மொத்த இலாபம் 15 சதவீதம், அதாவது 90,000 ரூபாய். வாடகை, சம்பளம், மின்கட்டணம், வட்டி ஆகியவை 70,000 ரூபாய். மீதம் 20,000 ரூபாய். மந்தத்தில் விற்பனை நான்கில் ஒரு பங்கு குறைந்து 4,50,000 ரூபாய் ஆகிறது எனக் கொள்வோம். மொத்த இலாபம் 67,500 ரூபாய். செலவு அதே 70,000 ரூபாய். மாத நட்டம் 2,500 ரூபாய் மட்டுமே. இதைப் பார்த்துக் கடைக்காரர், சமாளித்துவிடலாம் என்று நினைக்கக்கூடும்.

இப்போது நாள்களைப் பார்ப்போம். விற்பனையில் பாதி கடனுக்குப் போகிறது. முன்பு 30 நாளில் திரும்பிய கடன் இப்போது 60 நாளில்தான் திரும்புகிறது. முன்பு வெளியில் நின்ற பாக்கி 3,00,000 ரூபாய். இப்போது மாதக் கடன் விற்பனை 2,25,000 ரூபாய்தான் என்றாலும், இரண்டு மாதப் பாக்கி சேர்ந்து 4,50,000 ரூபாய் வெளியில் நிற்கிறது. விற்பனை குறைந்திருந்தும் 1,50,000 ரூபாய் கூடுதலாகப் பாக்கியில் முடங்கிவிட்டது.

மறுபுறம், மொத்த வியாபாரியும் அச்சம் கொள்கிறார். முன்பு கொள்முதலில் பாதியை 30 நாள் தவணையில் கொடுத்தவர், இப்போது 15 நாள்தான் பொறுக்கிறார். முன்பு அவருக்குத் தர வேண்டியது எப்போதும் 2,55,000 ரூபாய் அளவில் நின்றது. இப்போது கொள்முதலும் குறைந்து தவணையும் குறைந்ததால் அது ஏறக்குறைய 96,000 ரூபாயாகச் சுருங்கிவிட்டது. அந்த இடைவெளியான 1,59,000 ரூபாயைக் கடைக்காரர் கைப்பணத்திலிருந்து கொடுத்தாக வேண்டும்.

இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 3,09,000 ரூபாய். மாத நட்டம் 2,500 ரூபாயாக இருக்கும் கடைக்கு, ஓரிரு மாதங்களுக்குள் மூன்று இலட்சம் ரூபாய் பற்றாக்குறை வந்துவிட்டது. கடைக்காரர் இதைப் பெரும் நட்டம் என்று எண்ணி மனமுடைகிறார், அல்லது அவசரத்தில் எங்காவது கடன் வாங்குகிறார். உண்மையில் இழப்பு சிறிது. பணம் பிறர் கையில் நாள் கடந்து நிற்கிறது என்பதே செய்தி.

முதல் உதவி கடைக்குள்ளேயே

இந்தப் பற்றாக்குறையில் பெரும்பகுதியைக் கடன் இல்லாமலே ஈடுசெய்ய இயலும். அதே கடையின் கணக்கைத் தொடர்வோம்.

முதலாவது, சரக்கு. விற்பனை குறைந்த பின்னும் பழைய அளவிலேயே, அதாவது 5,10,000 ரூபாய்க்குச் சரக்கு வைத்திருந்தால் அது 40 நாள் சரக்காகிவிடுகிறது. மீண்டும் 30 நாள் அளவுக்குக் கொண்டுவந்தால் 3,82,500 ரூபாய் போதும். 1,27,500 ரூபாய் கைக்கு வருகிறது. எல்லாப் பொருளையும் ஒரே அளவில் குறைக்க வேண்டியதில்லை. அரிசி, எண்ணெய், பருப்பு போல் நாள்தோறும் நகரும் பொருள் ஒருநாளும் தீர்ந்துபோகக் கூடாது. மூன்று மாதமாக அசையாத பொருளை அடக்க விலைக்கே தள்ளிவிட்டுப் பணமாக்குவது தகும்.

இரண்டாவது, பாக்கி. 60 நாளாகிவிட்ட தவணையை 45 நாளாகக் குறைத்தால் வெளியில் நிற்பது 3,37,500 ரூபாயாக இறங்கும். 1,12,500 ரூபாய் திரும்புகிறது. இதற்குக் கடுஞ்சொல் தேவையில்லை, ஒழுங்கு தேவை. பாக்கிப் பட்டியலை நாள்வாரியாகப் பிரித்து, வாரத்தில் ஒரு நாளை வசூலுக்கு ஒதுக்குங்கள். முழுப் பாக்கியையும் கேட்டு மனக்கசப்பு கொள்வதைவிட, புதிய சரக்குக்கு ரொக்கம், பழைய பாக்கிக்கு வாரந்தோறும் ஒரு தொகை என்று பேசி முடிப்பது பலன் தரும். தோட்டத் தொழிலாளர்க்குக் கூலி நாள், விவசாயிக்கு நெல் பணம் வரும் நாள், ஓய்வூதியருக்கு மாதத் தொடக்கம் என்று வாடிக்கையாளரின் கையில் பணம் இருக்கும் நாளை அறிந்து கேட்பதே எல்லைப்புறக் கடைக்காரரின் அனுபவ அறிவு.

மேற்கண்ட இரண்டு ஏற்பாடுகளால் 2,40,000 ரூபாய் கடைக்குள்ளிருந்தே கிடைத்துவிட்டது. எஞ்சிய பற்றாக்குறை ஏறத்தாழ 70,000 ரூபாய். வங்கியிடம் மூன்று இலட்சம் கேட்டு வருவதற்கும், காரணங்களோடு 70,000 ரூபாய் கேட்டு வருவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வட்டிச் சுமையும் அதற்கேற்பக் குறைகிறது.

மூன்றாவது, செலவு. மாத நட்டமான 2,500 ரூபாயைச் சரிசெய்வது இப்போது எளிது. வாடகையைச் சில மாதங்களுக்குக் குறைக்குமாறு கட்டட உரிமையாளரிடம் பேசலாம். மந்த காலத்தில் காலிக் கடைக்கு ஆள் கிடைப்பது அவருக்கும் அரிது. சம்பளத்தில் கை வைப்பது இறுதியாகச் செய்ய வேண்டியது. பழகிய ஆளை இழந்தால், விற்பனை திரும்பும்போது புதிய ஆளைப் பழக்கும் செலவு சேமித்ததைவிட மிகும்.

பணியாளரோடு கணக்கைப் பகிர்ந்துகொள்வதன் பயனுக்கு இடுக்கியிலேயே நாடறிந்த சான்று உண்டு. 1990-களின் இறுதியில் தேயிலை விலை வீழ்ந்தது. பீர்மேடு பகுதியில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. மூணாற்றில் டாடா டீ நிறுவனம் தோட்டங்களை நடத்தும் பொறுப்பிலிருந்து விலக முடிவு செய்தபோது, தொழிலாளரும் அலுவலருமே பங்குதாரர்களாகச் சேர்ந்த கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம் 2005 ஏப்ரல் முதல் பொறுப்பேற்றது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பணியாளர்கள் பங்கு வாங்கினர். அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள். மூடப்படும் என்று அஞ்சப்பட்ட தோட்டங்கள் தொடர்ந்து இயங்கின. ஆனால் பங்குரிமை ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்தபோது பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். பேச்சுவார்த்தைக்குப் பின்னரே வேலை தொடங்கியது. நான்கு பேர் வேலை செய்யும் கடைக்கும் இதில் பாடம் உண்டு. வருமானம் குறைகிறது என்பதைச் சம்பள நாளன்று சொல்வதைவிட, குறையத் தொடங்கும்போதே கணக்கைக் காட்டிப் பேசுவது நல்லது.

விலையைக் குறைப்பதா, பெயரைக் காப்பதா?

மந்தம் வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை விலைக் குறைப்பு. 15 சதவீத இலாபத்தில் நடக்கும் கடை 5 சதவீதம் விலை குறைத்தால், இலாப விகிதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. பழைய இலாபத்தை ஈட்ட வேண்டுமானால் சரக்கு அளவில் 50 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். மந்த காலத்தில் அது எளிதன்று. சிறிய பொட்டலம், ரொக்கத்துக்கு மட்டும் தள்ளுபடி, வீட்டுக்கே கொண்டு சேர்த்தல் ஆகியவை பெரும்பாலும் விலைக் குறைப்பைவிடக் குறைந்த செலவில் வாடிக்கையாளரை நிறுத்திவைக்கும்.

தன் பொருளுக்குத் தனிப்பெயர் உள்ளவர் அதைக் காப்பதில் கவனம் செலுத்த வேண்டும். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்து வெல்லம் மறையூர்ப் பெயரில் மலிவாக விற்கப்படுவது அங்குள்ள உற்பத்தியாளரின் நெடுநாள் குறை. வெறும் விலையில் போட்டியிட்டால் மறையூர் உற்பத்தியாளர் தோற்பார்; பெயரும் தரமும் சேர்ந்து நிற்கும்போதுதான் அவருக்கு விலை கிடைக்கும். பாலக்காட்டின் இராமசேரி இட்லி ஒரு சிற்றூரின் பெயரைத் தாங்கியே ஊர் கடந்து அறியப்படுகிறது. மந்த காலத்தில் செலவைக் குறைக்கும் முனைப்பில் தரத்தைக் குறைத்துவிட்டால், நல்ல காலம் திரும்பும்போது திரும்ப வேண்டிய வாடிக்கையாளர் திரும்பமாட்டார்.

வங்கியின் நாள்காட்டி

கடைக்காரர் நாளை எண்ணுவது போலவே வங்கியும் நாளை எண்ணுகிறது. இதை வாடிக்கையாளர்கள் அறிந்திருப்பது மிக முக்கியம்.

கடன் தவணை உரிய நாளில் செலுத்தப்படாவிட்டால், அன்றிலிருந்து 30 நாள் வரை அந்தக் கணக்கு எஸ்.எம்.ஏ. 0 என்ற எச்சரிக்கைப் பிரிவில் வைக்கப்படும். 31 முதல் 60 நாள் வரை எஸ்.எம்.ஏ. 1. 61 முதல் 90 நாள் வரை எஸ்.எம்.ஏ. 2. 90 நாளைக் கடந்தால் அது வாராக் கடனாகிறது. அதன் பின்னர் ஒரு தவணையைக் கட்டிக் கணக்கைச் சீராக்க முடியாது. நிலுவையில் உள்ள அசலும் வட்டியும் முழுவதும் செலுத்தப்பட்ட பிறகே கணக்கு பழைய நிலைக்குத் திரும்பும். ஒரே வங்கியில் ஒருவருக்கு இரண்டு கடன்கள் இருந்து ஒன்று வாராக் கடனானால், மற்றதும் அவ்வாறே கருதப்படும்.

சி.சி. என்று வழங்கும் ரொக்கக் கடன் கணக்கில் தவணை நாள் இல்லை. அதனால் அதற்கு ஆபத்தில்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அக்கணக்கில் நிலுவை தொடர்ந்து 90 நாள் அனுமதித்த வரம்புக்கு மேல் நின்றாலும், 90 நாள் வரவே இல்லாவிட்டாலும், வரவு வட்டியை ஈடுசெய்யப் போதாவிட்டாலும் அது ஒழுங்கற்ற கணக்காகிவிடும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டை வேறொரு சேமிப்புக் கணக்கோடு இணைக்கப்பட்டிருந்தால், கடையில் நல்ல விற்பனை நடந்தும் ரொக்கக் கடன் கணக்கில் வரவு தெரியாது. விற்பனைப் பணம் கடன் கணக்கின் வழியாகவே செல்லுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். வட்டியும் குறையும், தொழில் நடக்கிறது என்பதற்குச் சான்றும் கிடைக்கும்.

நலிவடையும் சிறுதொழிலுக்கு உதவுவதற்கென்றே ஒரு நடைமுறை உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் புத்துயிர்ப்பும் மறுவாழ்வும் பற்றிய நெறிமுறையை மத்திய அரசு 2015 மே 29 அன்று அறிவித்தது. 2016 மார்ச் 17 அன்று ரிசர்வ் வங்கி அதற்கான வழிகாட்டுதலை வங்கிகளுக்கு வழங்கியது. 25 கோடி ரூபாய் வரை கடன் வரம்புள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். கணக்கு வாராக் கடனாவதற்கு முன்பே நலிவின் அறிகுறியைக் கண்டறிந்து வழி காண்பது இதன் நோக்கம். 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களைக் கிளை அளவிலேயே பரிசீலிக்கலாம். அதற்கு மேற்பட்டவை இதற்கென அமைந்த குழுவுக்குச் செல்லும். தவணையைச் சீர்செய்து தொடர்தல், கடனை மறுசீரமைத்தல், இரண்டும் இயலாவிடில் வசூல் என்ற வரிசையில் தீர்வுகள் ஆராயப்படும். தொழில் நலிவதாக உணரும் வாடிக்கையாளர் தாமே முன்வந்து விண்ணப்பிக்கவும் இயலும்.

இந்த நெறிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், தாம் இவ்வகை நிறுவனம் என்பதை உரிய ஆவணங்களோடு உரிய காலத்தில் வங்கிக்குத் தெரிவிக்கும் கடமை கடன் பெற்றவருக்கும் உண்டு என்று எடுத்துக்காட்டியது. எனவே உதயம் பதிவுச் சான்றிதழைப் பெற்று, அதன் நகலை இன்றே கிளையில் கொடுத்து வையுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை.

2020 தந்த பாடம்

நாள் கணக்கின் மதிப்பு 2020-இல் தெளிவாக வெளிப்பட்டது. கொரோனாப் பெருந்தொற்றால் வாளையாறு, குமுளி வழிகளில் மக்கள் நடமாட்டம் நின்றபோது, இரு மாநிலத்தையும் நம்பியிருந்த கடைகள் ஒரே நாளில் வாடிக்கையாளரை இழந்தன. ரிசர்வ் வங்கி முதலில் மார்ச் முதல் மே வரையும், பின்னர் ஆகஸ்டு 31 வரையும் தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்தது. அது தவணைக்குத் தரப்பட்ட ஓய்வே. வட்டி அந்த மாதங்களிலும் ஏறிக்கொண்டே இருந்தது. கையில் பணம் இருந்தும் ஒத்திவைப்பை ஏற்றவர்கள் பின்னர் கூடுதல் வட்டி கட்ட நேர்ந்தது.

அடுத்து, மே மாதம் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை, புதிய பிணையம் ஏதுமின்றி, அரசு உத்தரவாதத்துடன் கூடுதல் கடன் வழங்கப்பட்டது. நான்கு ஆண்டு தவணை. முதல் ஓராண்டு அசல் செலுத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. அந்தப் பிப்ரவரி 29 அன்று கணக்கின் தவணைப் பாக்கி 60 நாளுக்கு மேற்பட்டிருக்கக் கூடாது. பெருந்தொற்று வரும் என்று பிப்ரவரியில் எந்தக் கடைக்காரரும் கணித்திருக்க இயலாது. ஆயினும் 59-ஆம் நாளில் நின்ற கணக்குக்கு உதவி கிடைத்தது. 61-ஆம் நாளில் நின்ற கணக்குக்கு வாயில் அடைபட்டது. அத்திட்டம் 2023 மார்ச் மாதத்தோடு முடிவடைந்தது. அடுத்த நெருக்கடியில் எந்தத் திட்டம் வரும் என்று சொல்ல இயலாது. எத்திட்டமாயினும் கணக்கைச் சீராக வைத்திருப்பவரையே அது முதலில் சென்றடையும் என்று எதிர்பார்க்கலாம்.

வாங்குபவர் தாமதித்தால்

கஞ்சிக்கோட்டுப் பட்டறை போல் பெரிய நிறுவனங்களுக்குப் பொருளோ சேவையோ வழங்குவோர்க்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் எவ்வாறிருப்பினும் குறு, சிறு நிறுவனங்களுக்கான பணத்தை 45 நாளுக்குள் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியுடன் தர வேண்டும். 2023-24 நிதியாண்டு முதல், காலத்தில் செலுத்தப்படாத இத்தகைய தொகையை வாங்குபவர் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் இயலாது. இதை வழக்காகக் கொண்டுசெல்வதற்கு முன், உதயம் எண்ணை ஒவ்வொரு பட்டியலிலும் அச்சிட்டாலே பல நேரம் பலன் கிடைக்கும். வாங்கி விற்கும் வணிகர்களுக்கு உதயம் பதிவு கிடைத்தாலும் இந்த 45 நாள் பாதுகாப்பு பொருந்தாது என்பதை மறக்கக் கூடாது.

பெரிய நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலை மின்னணு மேடையில் வைத்து, அதன் மீது வங்கியிடமிருந்து முன்கூட்டியே பணம் பெறும் ட்ரெட்ஸ் ஏற்பாடும் உண்டு. வாங்குபவரும் அதில் இணைந்திருக்க வேண்டும். பற்றிக் கேட்டறிவது நல்லது.

தவிர்க்க வேண்டிய கடன்

பற்றாக்குறை வந்ததும் வாசலுக்கே வரும் கடன் ஒன்று உண்டு. 10,000 ரூபாய்க் கடன் என்று சொல்லி 9,000 ரூபாய் கையில் தந்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது தண்டல் முறை. வட்டி 1,000 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் இது ஏறக்குறைய 80 சதவீத வட்டியாகும். எந்த மளிகைக் கடையின் இலாபமும் இதைத் தாங்காது. வங்கித் தவணையைக் கட்டுவதற்காக இத்தகைய கடனை வாங்குவது, 90 நாள் சிக்கலைச் சில வாரங்கள் தள்ளிவைத்துப் பெரிதாக்குவதேயாகும்.

கிளைக்கு வரும்போது

நெருக்கடியைச் சொல்லிக்கொண்டு வங்கிக்கு வரப் பலர் தயங்குகின்றனர். நலிவைச் சொன்னால் வரம்பைக் குறைத்துவிடுவார்களோ என்ற அச்சம் இயல்பானது. ஆனால் சொல்லாமல் தவறும் தவணையே வங்கிக்குக் கூடுதல் ஐயத்தை உண்டாக்குகிறது. பின்வருவனவற்றோடு வந்தால் உரையாடல் பயனுள்ளதாக அமையும்:

1. அடுத்த 12 வாரங்களில் எந்த வாரம் எவ்வளவு பணம் வரும், எவ்வளவு போகும் என்ற எளிய மதிப்பீடு. கையால் எழுதிய தாளாயினும் போதும்.

2. வர வேண்டிய பாக்கி 30 நாள், 60 நாள், 90 நாள் என்று பிரித்த பட்டியல். ரொக்கக் கடன் வரம்பைக் கணக்கிடும்போது 90 நாள் கடந்த பாக்கி வழக்கமாகச் சேர்க்கப்படுவதில்லை.

3. சரக்கு அறிக்கையும் அண்மைய ஜி.எஸ்.டி. கணக்குகளும்.

4. உதயம் சான்றிதழ்.

5. வேண்டிய தொகை, அது எதற்கு, எந்த வருவாயிலிருந்து எப்போது திரும்பும் என்ற விளக்கம்.

கேட்கக்கூடியவை பல. வருமானம் பருவத்தைச் சார்ந்ததாயின், ஏலக்காய் பறிப்புக் காலத்திலும் சபரிமலைப் பருவத்திலும் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் தவணை அமைக்குமாறு கேட்கலாம். தவணைக் காலத்தை நீட்டக் கேட்கலாம்; மொத்த வட்டி கூடும் என்பதை அறிந்தே கேட்க வேண்டும். பிணையம் இல்லாதவர்க்கு 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கடன் உத்தரவாத நிதியத்தின் துணையோடு கடன் வழங்க இயலும். சிறு தேவைகளுக்கு முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 இலட்சம் வரை கிசோர், 10 இலட்சம் வரை தருண் ஆகிய பிரிவுகள் உள்ளன. தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்க்கு 20 இலட்சம் வரை பெறும் வாய்ப்பும் உண்டு.

மந்தம் எக்காலமும் நீடிப்பதில்லை. விலை ஏறும், பருவம் திரும்பும், ஆலைகள் வேகம் கொள்ளும். அன்று பயன் பெறுபவர், சரக்கு வாங்கக் கையில் பணமும், மொத்த வியாபாரியிடம் நற்பெயரும், வங்கியில் சீரான கணக்கும் உடையவராகவே இருப்பார். மந்த காலத்தில் நல்ல கடை இடம் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். ரொக்கம் தருபவருக்கு மொத்த வியாபாரி கூடுதல் தள்ளுபடி தருவார். இந்த வாய்ப்புகளைப் பயன்படுத்துவதற்குத் தேவையானது பெரும் முதலீடு அன்று. உரிய நாளில் கையில் இருக்கும் சிறு தொகை. எனவே இந்த வாரமே உங்கள் பாக்கிப் பட்டியலை நாள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். அடுத்த தவணைக்குப் பணம் போதாது என்று அதில் தெரிந்தால், தவணை நாளுக்கு முன்பே அந்தப் பட்டியலோடு கிளை மேலாளரைச் சந்தியுங்கள்.